ஏரிக்கரைப் பள்ளியும் கடற்கரைப் பள்ளியும்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்லும் வழி நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்டதே. காலையில் பேருந்து ஏறினால் உச்சிப்பொழுதுக்குள் போய்த் திரும்பிவிடலாம். ஆயினும், சிங்கப்பெருமாள் கோயிலைச் சூழ்ந்த ஊர்களின் தொடக்கப் பள்ளியொன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் மீன்பாடு என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். அதுபோலவே தேவனேரி, கொக்கிலமேடு போன்ற கரையோரக் குப்பங்களின் பிள்ளைகளிடம் ஏரியின் கலங்கல் எதற்காகக் கட்டப்பட்டது என்று கேளுங்கள். இரண்டிடத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் விழிக்கவே செய்வர். ஒரே மாவட்டம், ஒரே பாடப்புத்தகம், ஒரே தேர்வு. ஆனால் ஓர் ஊரின் உழைப்பு அடுத்த ஊரின் பிள்ளைக்குத் தெரியாத செய்தியாக இருக்கிறது.

இந்தக் குறையைப் பெருஞ்செலவின்றித் தீர்ப்பதற்கு ஒரு வழி உண்டு. வெவ்வேறு ஊர்களிலுள்ள இரண்டு வகுப்புகள் ஒரே நூலைத் தெரிந்தெடுத்து, ஒரே வாரத்தில் அதனை உரக்கப் படித்து, படித்ததைப் பற்றி ஒன்றுக்கொன்று மடல் எழுதிக்கொள்வதே அவ்வழி. இதனைக் கூட்டு வாசிப்பு என்று சொல்லலாம். இது பள்ளி ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டிய செயலாயிற்றே, ஊராட்சி உறுப்பினருக்கும் உழவருக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் கருதக்கூடும். அவர்களுக்கு இதில் வேலை மட்டுமன்று, உரிமையும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

ஃபிரான்சு நாட்டில் நடந்தது

இம்முறைக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. செலஸ்தேன் ஃபிரெனே என்பவர் தென் ஃபிரான்சில் பார்-சூர்-லூ என்னும் மலைச்சரிவுக் கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தார். முதல் உலகப் போரில் அவருக்கு நுரையீரலில் காயம் பட்டிருந்தது. வகுப்பில் நெடுநேரம் நின்று உரக்கப் பேச அவரால் இயலவில்லை. ஆசிரியர் ஒருவரே பேசிக்கொண்டிருக்கும் வகுப்பை அவர் மாற்ற முற்பட்டதற்கு இந்த உடற்குறையும் ஒரு காரணம் என்பர். 1924-ஆம் ஆண்டளவில் ஒரு சிறு அச்சுப்பொறியை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தம் ஊரில் கண்டதையும் வீட்டில் நடந்ததையும் தாமே எழுதி, தாமே எழுத்துக் கோத்து, தாமே அச்சிட்டனர். அந்தத் தாள்களே அவர்களுக்குப் பாடப்புத்தகமாயின.

தம் ஊரைப் பற்றித் தாமே எழுதி, தாமே படித்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள்தான் சுவைக்கும்? 1920-களின் நடுவில், நாட்டின் மறுகோடியில் பிரித்தானிக் கடற்கரையை அடுத்த திரேகன் ஊரில் பணியாற்றிய ரெனே தானியேல் என்னும் ஆசிரியரும் இம்முயற்சியில் சேர்ந்தார். மலையூர்ப் பிள்ளைகளின் தாள்கள் கடற்கரைக்குச் சென்றன. கடற்கரைப் பிள்ளைகளின் தாள்கள் மலைக்கு வந்தன. ஒரு பக்கம் வாசனைத் தைலத்துக்காக மலர் பறிக்கும் ஊர். மறுபக்கம் மீன்பிடிக்கும் ஊர். ஒருவர் எழுதியதை மற்றவர் பாடமாகவே வைத்துப் படித்தனர். பின்னர் வேறு பல பள்ளிகளும் இதில் இணைந்தன. அச்சுப்பொறியும் பள்ளிகளுக்கிடையே மடல் போக்குவரத்தும் ஃபிரெனேயின் கல்வி முறைக்கு இரண்டு தூண்கள் ஆயின.

இத்தாலியிலும் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. ஃபுளோரன்சு நகருக்கு அப்பால் பார்பியானா என்னும் மலைச் சிற்றூரில், பள்ளியில் தேறாமல் ஒதுக்கப்பட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு லொரென்சோ மிலானி என்னும் பாதிரியார் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1963-இல் சமவெளிக் கிராமமொன்றின் ஆசிரியரான மரியோ லோதி அங்கு வந்து பார்த்தார். அதன்பின் இருவருடைய மாணவரும் மடல் எழுதிக்கொண்டனர். பார்பியானாப் பிள்ளைகள் ஒரு மடலை எல்லாரும் சேர்ந்து எழுதும் முறையை அப்போதுதான் நன்கு பழகினர். அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததே 1967-இல் வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்ட, ஆசிரியருக்கு எழுதிய கடிதம் என்னும் பொருளுடைய நூல். அது தமிழிலும் வந்திருக்கிறது. தேர்வில் தோற்றவர்கள் என்று தள்ளப்பட்ட பிள்ளைகள் எட்டுப் பேர் எழுதிய நூல் அது என்பதை நினைக்கும்போது, நம் ஊர்ப் பிள்ளைக்கு எழுத வராது என்று சொல்லும் துணிவு நமக்கு வரக்கூடாது.

உழவருக்குப் புதியதன்று

கூட்டு வாசிப்பு என்பது உழவர் அறியாத செய்தி என்று எண்ண வேண்டுவதில்லை. கனடா நாட்டில் 1941-ஆம் ஆண்டு முதல் 1965 வரை பண்ணை வானொலி மன்றங்கள் நடைபெற்றன. பனிக்காலத்தில், வாரம் ஒரு மாலை, அண்டை வீட்டார் ஓரிடத்தில் கூடுவர். அன்றைய பொருளைப் பற்றிய சிறு கையேடு முன்கூட்டியே அஞ்சலில் வந்திருக்கும். அதைப் படித்துவிட்டு, வானொலி நிகழ்ச்சியைக் கேட்டு, தமக்குள் விவாதித்து, தம் கருத்தை எழுதி அனுப்புவர். நாடு முழுவதும் ஒரே இரவில் ஒரே பொருளைப் பற்றிப் பல ஊர்கள் பேசின. அதே முறையைத் தழுவி 1956-இல் நம் நாட்டில் பூனாவை மையமாகக் கொண்டு மராட்டிய மாவட்டங்களில் 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் நடத்திப் பார்க்கப்பட்டன. தஞ்சை உழவர்கள் 1960-களில் ஆடுதுறை 27 நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். அந்த நெல்லைப் பற்றி அவர்கள் முதலில் அறிந்தது வானொலி வாயிலாகத்தான். ஓர் ஊரார் கேட்டதையே மற்றோர் ஊராரும் கேட்டு, விளைச்சலைப் பற்றி ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டதனால் அல்லவா அந்த நெல் அவ்வளவு விரைவில் பரவியது?

நூல் ஊர் ஊராகப் போவதும் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகத் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் அதற்கு ஊக்கமளித்தார். அந்த வண்டி ஓர் ஊரில் விட்டுச் சென்ற நூலை அடுத்த முறை எடுத்து இன்னோர் ஊருக்குக் கொடுத்தது. ஒரே நூலைப் பல ஊரார் படித்தனர். ஆனால் ஓர் ஊரார் படித்து என்ன எண்ணினர் என்பது அடுத்த ஊராருக்குத் தெரிய வழியில்லை. மாட்டுவண்டியோடு மடற்பையும் சேர்ந்து போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

இப்போது ஏன் வேண்டும்

கொரோனா நோயினால் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டதன் விளைவை நாம் கண்டோம். ஏசர் எனப்படும் கிராமப்புறக் கல்வி ஆய்வு 2022-இல் எடுத்த கணக்குப்படி, தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கக் கூடியவர் நூற்றுக்கு 4.8 பேரே. 2024-இல் எடுத்த ஆய்வில் நிலை உயர்ந்திருந்தது. எனினும் போக வேண்டிய தொலைவு மிகுதி. இதற்கெனவே அரசு 2022-இல் எண்ணும் எழுத்தும் என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என இரண்டு இதழ்கள் வெளிவரத் தொடங்கின. அவற்றில் பிள்ளைகளின் எழுத்தும் ஓவியமும் இடம்பெற்றன. 2023-இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு சிறு கதை நூல்கள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. பெயர்களைப் பாருங்கள், தவழும் பிள்ளை பறக்கும் வரையிலான வழி அந்த நான்கு சொற்களிலேயே அடங்கிவிட்டது.

இந்த நூல்கள் வந்ததனால் நமக்கு ஒரு பெரிய வசதி ஏற்பட்டிருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பள்ளியில் இருக்கும் கதை நூலே கோவளத்திலும் புதுப்பட்டினத்திலும் இருக்கும். ஆதலின் கூட்டு வாசிப்புக்கு நூல் வாங்கவோ அனுப்பவோ வேண்டுவதில்லை. இரண்டு பள்ளிகளும் இன்ன வாரம் இன்ன நூல் என்று பேசி வைத்துக்கொண்டால் போதும்.

வேறொரு காரணமும் உண்டு. அதுவே எமக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. நம் கிராமங்களில் இருபது, முப்பது பிள்ளைகளே படிக்கும் தொடக்கப் பள்ளிகள் பல இருக்கின்றன. ஓராசிரியரோ ஈராசிரியரோ ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்கின்றனர். 2019-இல் பிள்ளைகள் பத்துப் பேருக்கும் குறைவாகிவிட்ட 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நூலகங்களாக மாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. சிறு பள்ளியில் ஆசிரியரின் கவனம் மிகுதியாகக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் நான்காம் வகுப்பில் மூன்றே பேர் இருந்தால், கதையைப் பற்றி விவாதிக்க எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்? மூவருக்கும் ஒரே தெரு, ஒரே ஏரி, ஒரே கோயில் திருவிழா. ஒருவர் சொல்வது மற்ற இருவருக்கும் முன்பே தெரியும். அந்த மூவருக்கு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருபது தோழர் கிடைத்தால், சிறு பள்ளி சிறு பள்ளியாகவே இருந்துகொண்டு பெரிய வகுப்பாகிவிடும். பிள்ளைகளைத் தொலைவிலுள்ள பெரிய பள்ளிக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பலாமா என்று ஊரில் பேச்சு எழுவதற்கு முன், இதைச் செய்து பார்ப்பது நல்லது.

சொற்களின் வேறுபாடு

ஏரிப் பக்கத்துப் பிள்ளைக்கும் கடற்கரைப் பிள்ளைக்கும் ஒரே கதை ஒரே கதையாகத் தோன்றுவதில்லை என்பதுதான் இந்த முறையின் சுவை. எடுத்துக்காட்டாக, பாடு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உழவர் வீட்டில் பாடு என்றால் உழைப்பும் துன்பமும். ‘நாள் முழுவதும் பாடுபட்டான்’ என்போம். மீனவர் வீட்டில் அதுவே வலையில் கிடைத்த மீன். இன்று பாடு நன்று என்றால் மகிழ்ச்சிச் செய்தி. மடி என்றதும் ஒரு பிள்ளைக்குப் பசு நினைவுக்கு வரும். மற்றொரு பிள்ளைக்கு வலையின் பையும் மடிவலையும் நினைவுக்கு வரும். வாடை, கொண்டல் என்னும் காற்றின் பெயர்களைக் கரையோரப் பிள்ளை தந்தை வாயிலாக அன்றாடம் கேட்கிறது. படகை இறக்குவதா வேண்டாவா என்பதே அந்தக் காற்றைப் பொறுத்தது. ஏரிப் பக்கத்துப் பிள்ளைக்கோ சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பருவப் பெயர்களும், மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் என்னும் பெயர்களும் வீட்டுச் சொற்கள்.

மழையைப் பற்றிய ஒரு கதையை இருவரும் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மழை வந்தால் ஏரி நிரம்பும், சம்பாவுக்குத் தண்ணீர் உண்டு என்று ஒரு வகுப்பு எழுதும். மழையும் காற்றும் வந்தால் கடலுக்குப் போக முடியாது, வீட்டில் அடுப்பு எரிவது கடினம் என்று மற்றொரு வகுப்பு எழுதும். ஒருவருக்கு வரமாக இருப்பது மற்றவருக்கு இடராக இருக்கிறது என்பதைப் பாடமாகச் சொன்னால் பிள்ளை மறந்துவிடும். தன்னைப் போன்ற மற்றொரு பிள்ளை, தன் பெயர் எழுதி, கோணல் எழுத்தில் எழுதி அனுப்பியதைப் படித்தால் மறக்காது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது என்ன நடந்தது என்று கரையோரப் பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியரைக் கேட்டு எழுதட்டும். 2015-ஆம் ஆண்டுப் பெருமழையில் ஏரிகள் நிரம்பி வழிந்ததைப் பற்றி உள்நாட்டுப் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். முதியோரிடம் இருக்கும் அறிவு ஏட்டில் ஏறுவதற்கும் இது ஒரு வாய்ப்பு.

செங்கற்சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்க வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும், இருளர் குடியிருப்புப் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் பயில்கின்றனர். வகுப்பில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் இப்பிள்ளைகளுக்குத்தான் பாம்பின் தடமும், கிழங்கின் கொடியும், மண் பதமும் மற்றவரைவிட நன்றாகத் தெரியும். அடுத்த ஊர் வகுப்பு அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்டு மடல் அனுப்பினால், பதில் சொல்லக்கூடியவர் அவர்கள் ஒருவரே ஆகின்றனர். வகுப்பில் அவர்களுடைய இடம் அன்றே மாறிவிடும். ஆசிரியர் இதை மனத்தில் வைத்துக் கேள்விகளைத் தூண்டுதல் வேண்டும்.

நடத்தும் முறை

இரண்டு வகுப்புகளும் மாதம் ஒரு நூல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் மூன்றாம் மாதமே ஓய்ந்துவிடும். முதல் வாரத்தில் ஆசிரியர் நூலை உரக்கப் படித்துக் காட்டுவார். படங்கள் எல்லாருக்கும் தெரியும்படி நூலைப் பிடித்துக்கொண்டு, அவசரமின்றிப் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, தானே படிக்க இயலாத கதையைக் காதால் கேட்டுப் பொருள் உணர்கிறது; பின்பு அதே நூலைக் கையில் எடுக்கும்போது பொருள் முன்பே தெரிந்திருப்பதால் எழுத்துகள் பிடிபடுகின்றன. உரக்கப் படித்தலின் பயன் இதுவே. அடுத்த இரண்டு வாரங்களில் பிள்ளைகள் இருவர் இருவராகச் சேர்ந்து படிப்பர். நான்காம் வாரத்தில் மடல் எழுதப்படும்.

மடலை எழுதுவதில்தான் பல ஆசிரியர்கள் வழி தவறுகின்றனர். நன்றாக எழுதும் ஒரு பிள்ளையை அழைத்து எழுதச் சொல்லி, மற்றவரைக் கையெழுத்திடச் செய்தால் வேலை எளிதில் முடிந்துவிடும். பயனும் அத்தோடு முடிந்துவிடும். பார்பியானாவில் கையாண்ட முறை சிறந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தோன்றியதைத் தனித்தனித் துண்டுத் தாளில் எழுதும். ஒரு தாளுக்கு ஓர் எண்ணம். எழுதத் தெரியாத பிள்ளை சொல்ல, பக்கத்துப் பிள்ளை எழுதலாம். பிறகு எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்ப்பர். ஒன்றே இருமுறை வந்தால் ஒன்றை எடுத்துவிடுவர். எது முன்னே, எது பின்னே என்று அடுக்குவர். கடைசியில் தேவையற்ற சொற்களை அடித்துவிட்டு ஒருவர் படியெடுப்பார். களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவதைக் கண்ட பிள்ளைகளுக்கு இது விளங்காமல் போகாது. மடலின் முடிவில் அடுத்த வகுப்புக்கு மூன்று கேள்விகளாவது இருக்க வேண்டும். கேள்வியில்லாத மடலுக்குப் பதில் வருவது அரிது.

பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளை ஆசிரியர் எவ்வளவு திருத்தலாம் என்ற கேள்வி எழும். பொருள் மாறும் பிழையைத் திருத்தச் செய்யலாம். ஊர் வழக்குச் சொல்லைத் திருத்தலாகாது. ஏரிக்குப் பக்கத்து ஊரார் ஒரு மீனுக்கு ஒரு பெயரும் கரையோரத்தார் வேறு பெயரும் சொன்னால், இரண்டும் தமிழே. அவற்றைத் தொகுத்து இரண்டு பத்திகளில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டால், ஆண்டு முடிவதற்குள் பிள்ளைகளே தொகுத்த ஓர் அகராதி கிடைத்துவிடும்.

மடல் அனுப்புவதற்கு அஞ்சல்துறை இருக்கிறது. செல்பேசியில் ஒரு நொடியில் படமெடுத்து அனுப்பிவிடலாமே என்று கேட்பவர் உண்டு. அவசரத்துக்கு அதுவும் பயன்படும். பள்ளியில் இணைய வசதி இருந்தால் மாதம் ஒருமுறை இரண்டு வகுப்புகளும் முகம் பார்த்துப் பேசலாம். எனினும், அஞ்சற்காரர் வந்து வகுப்பின் பெயருக்கு உறையொன்றைக் கொடுப்பதில் பிள்ளைகளுக்கு உண்டாகும் மகிழ்ச்சி வேறு. உறையைத் திறந்தால் கிளிஞ்சல் ஒன்று இருக்கலாம். அல்லது புதுக் கதிரிலிருந்து உதிர்த்த நெல்மணிகள் இருக்கலாம். செல்பேசியில் அவை வாரா. நூலகத்திலிருந்து வேறு நூல்களை மாற்றிக்கொள்ள விரும்பினால், 2025 மே முதல் நாள் அஞ்சல்துறை தொடங்கிய ஞான அஞ்சல் என்னும் சேவை உதவும். தொடங்கியபோது அதன் கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. அக்கட்டில் நூலைத் தவிர வேறெதையும் வைக்காமல், மடல்களைத் தனி உறையில் அனுப்புதல் நன்று.

ஆண்டில் ஒருமுறை நேரில் காணலாம். இரண்டு ஊர்களுக்கும் பொதுவான ஓர் உறவு கல்லில் இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயில் குன்றில் குடைந்த நரசிம்மர் கோயிலும், மாமல்லபுரத்து மண்டபங்களும், பாறையைக் குடைந்து கோயில் எடுக்கும் பல்லவர் காலக் கலையைச் சேர்ந்தவை. கரையோரப் பிள்ளைகள் மழைக்காலம் முடிந்ததும் வந்து ஏரியையும் கலங்கலையும் பார்க்கட்டும். உள்நாட்டுப் பிள்ளைகள் ஒரு விடியற்காலையில் சென்று படகுகள் கரையேறுவதையும் மீன் ஏலம் போவதையும் பார்க்கட்டும். முகம் தெரியாமல் ஆறு மாதம் எழுதிக்கொண்ட பிறகு காண்பதே சிறப்பு. முதலிலேயே சுற்றுலா என்று தொடங்கினால் அது சுற்றுலாவாகவே நின்றுவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடக்க விழா, மாலை மரியாதை, நிழற்படம் ஆகியவற்றோடு தொடங்கி, அடுத்த வாரமே மறக்கப்பட்ட நல்ல திட்டங்கள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. இதற்கு விழாவே வேண்டா. இரண்டு ஆசிரியரும் ஒரு நாட்காட்டியும் இருந்தால் போதும்.

ஊராட்சியின் பங்கு

நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. இந்தியாவிலேயே அவ்வகையில் முன்னோடியான சட்டம் அது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கப்படுகிறது. வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துக் காசு என்ற அளவில் ஊராட்சி அதனை வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்துகிறது. ஆகவே கூரை வீட்டுக்கு வரி கட்டும் உழவரும் ஒவ்வோர் ஆண்டும் நூலுக்காகப் பணம் கொடுக்கிறார். முன்னே உரிமை என்று குறித்தது இதனைத்தான். தாம் கொடுத்த காசு தம் பிள்ளையின் கைக்கு நூலாக வந்ததா என்று கிராம சபையில் கேட்க எவருக்கும் தடையில்லை. வசூலித்த நூலக வரியை ஊராட்சி காலத்தில் செலுத்திவிட்டதா என்று கேட்கவும் தடையில்லை. அந்தக் கேள்விக்கு உறுப்பினர்கள் ஆயத்தமாக இருத்தல் நலம்.

மேலும், 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அவற்றுள் ஒழுங்காகத் திறக்கப்படுபவை உண்டு; சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாதவையும் உண்டு. பள்ளி விட்டபின் மாலை ஒரு மணி நேரம் அக்கட்டடத்தைத் திறந்து வைத்து, அடுத்த ஊர் வகுப்பிலிருந்து வந்த மடல்களை அங்கே பலகையில் ஒட்டி வைத்தால், பிள்ளைகள் மட்டுமன்றிப் பெற்றோரும் வந்து படிப்பர். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளை படித்துக் காட்டும். அதற்கு வேண்டுவது ஒரு விளக்கும், திறப்பதற்கு ஒருவரும், எழுதி வைத்த ஒரு நேரமும் ஆகும்.

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு உள்ளாட்சி உறுப்பினரும் இடம்பெறுகின்றனர். அங்கே கட்டட விரிசலும் குடிநீர்க் குழாயும் பேசப்படுகின்றன, அவையும் வேண்டியவையே. அடுத்த கூட்டத்தில், நம் பிள்ளைகள் இம்மாதம் எந்த நூலைப் படித்தார்கள் என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். சிங்கப்பெருமாள் கோயில் பகுதி காட்டாங்குளத்தூர் ஒன்றியத்தையும், மாமல்லபுரப் பக்கத்துக் குப்பங்கள் திருக்கழுக்குன்றம் ஒன்றியத்தையும் சார்ந்தவை. ஒன்றியம் வேறானால் ஆசிரியர்கள் தாமே சந்தித்துக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு. எனவே முதல் அறிமுகத்தை ஊராட்சித் தலைவர்கள் இருவரும் செய்து வைக்கலாம். வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் பெறுவதும் அவர்களுக்கு எளிது.

1950-களின் இறுதியில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். அவற்றுள் முதலாவது 1958-இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் நடைபெற்றது. ஊரார் தம் பள்ளிக்கு வேண்டிய கரும்பலகை, நாற்காலி, நிலம், கட்டடம் ஆகியவற்றைத் தாமே முன்வந்து அளித்தனர். அவர் பிறந்த நெய்யாடுபாக்கமும் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமமே. அன்று கேட்டவற்றோடு ஒப்பிட்டால், இன்று கேட்பது மிகச் சிறிது: அஞ்சல்தலை, உறை, வரைதாள், ஆண்டுக்கு ஒருமுறை பேருந்துச் செலவு. விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டில் ஓர் உழவரே இவற்றை ஏற்றுக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு ஏற்ற மாதம் சூன். பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் இணைப்புப் பள்ளியை முடிவு செய்துவிட்டால், சூலையில் முதல் நூலைப் படிக்கலாம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் சூன் நடுவில் முடிந்து படகுகள் மீண்டும் கடலுக்குச் செல்லத் தொடங்கியிருக்கும் காலம் அது. உள்நாட்டில் சொர்ணவாரிக் கதிர் முற்றும் காலமும் அதுவே. முதல் மடலில் எழுதுவதற்கு இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் செய்தி மிகுதியாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விடுமுறைகள் வரும் என்பதால் அம்மாதங்களுக்கு மெல்லிய நூல்களை வைத்துக்கொண்டு, தையில் அறுவடையை ஒட்டி நேரில் காணும் நாளைக் குறித்துக்கொள்ளலாம்.